குகை இருட்டிலிருந்து தொடங்குங்கள்: பயணத்துக்குச் சின்ன கேமரா வாங்கும் வழி

2018 மே மாதம், அஜந்தாவின் முதலாம் குகை. செருப்பை வாசலில் விட்டு உள்ளே நுழைந்தால், வெளியே கொளுத்தும் வெயிலில் கூசிய கண் அடங்கவே ஒரு நிமிடம் ஆகிறது. பிறகு மெல்ல மெல்லப் பின்சுவரின் இடப்பக்கத்தில், ஓவியமாகத் தீட்டிய போதிசத்துவர் பத்மபாணி தெரிய ஆரம்பிக்கிறார். கையில் தாமரை, சற்றே சாய்ந்த தலை, பாதி மூடிய இமைகள்.

நான் கும்பகோணத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். அதுவரை இந்த ஓவியத்தைத் தீப்பெட்டி அளவு படத்தைக் காட்டித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். நானே எடுத்த படத்தைப் பெரிதாக அச்சிட்டு வகுப்பில் மாட்ட வேண்டும் என்ற ஆசையில் பெரிய டிஎஸ்எல்ஆர் கேமராவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அங்கே ஃபிளாஷ் போடக் கூடாது. முக்காலி வைப்பதற்குத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். கேமரா காட்டிய எண்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன: எஃப் 5.6, ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/8 நொடி. ஐஎஸ்ஓ என்பது ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன், அது கூடக்கூடப் படம் புள்ளிப்புள்ளியாகச் சிதறும். நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் கை ஆடாமல் இருக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பதினேழு படங்கள் எடுத்தேன். பதினேழிலும் அந்த இமைக்கோடு கலங்கியிருந்தது.

அது நல்ல கேமராதான். அதில் வேறொரு லென்ஸைப் பொருத்தியிருந்தால் படம் சரியாக விழுந்திருக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த மூன்று ஆண்டுகளை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி

"டீச்சர், ஊர் சுற்றுவதற்கு ஒரு கேமரா வாங்கலாம் என்று இருக்கிறேன், எது வாங்கட்டும்?" என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் போகப்போகும் இடங்களிலேயே இருட்டான இடம் எது?

வெயிலில் எந்தக் கேமராவும் நல்ல படம் எடுக்கும். ஹம்பியில் விட்டலர் கோயில் கல்தேரைக் காலை ஒன்பது மணிக்கு எடுப்பதற்கு உங்கள் கைப்பேசியே போதும். மண்டபத்தின் உட்புறம், குகை, விளக்கு வைக்கும் நேரத்துக் கடைத்தெரு, ஓடும் ரயில் பெட்டிக்குள் தூங்கும் குழந்தை என்று வரும்போதுதான் தனியாகக் கேமரா வாங்கியதற்குப் பலன் தெரியும். அங்கே உதவுவது லென்ஸின் திறப்பு. எஃப் என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண் சிறியதாக ஆக, லென்ஸ் அகலமாகத் திறக்கிறது. ஒளி அந்த எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 5.6-ஐ 1.7-ஆல் வகுத்து, வரும் விடையை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 11 வரும். அதாவது எஃப் 1.7 லென்ஸ், கேமராவோடு வரும் கிட் லென்ஸ் 5.6-இல் விடுவதைவிட 11 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. முதலாம் குகையில் எனக்கு 1/8 நொடி காட்டிய அதே இடத்தில் இந்த லென்ஸ் 1/80 நொடிக்கு மேல் காட்டியிருக்கும். 1/80 நொடியில் யார் கையும் பெரிதாக ஆடாது.

இதனால்தான் முதலில் பணத்தைப் பிரியுங்கள் என்று சொல்கிறேன். 45,000 ரூபாய் வைத்திருக்கிறீர்கள் என்றால், அதில் பாதிக்குமேல் பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கு, போகக் கூடாது. கடையில் எல்லோரும் பாடியைப் பற்றித்தான் பேசுவார்கள். இத்தனை மெகாபிக்சல், இத்தனை வேகம் என்பார்கள். 16 மெகாபிக்சல் கேமராவின் படம் 4608-க்கு 3456 புள்ளிகள் கொண்டது. அதை ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்சிட்டாலே 15 அங்குல அகலம் வரும். நம் ஊர் ஸ்டுடியோவில் போடும் 12-க்கு 18 அளவுக்கும் அது தாராளம். என் வகுப்பறைச் சுவரில் அந்த அளவில்தான் நான்கு படங்கள் தொங்குகின்றன. மெகாபிக்சலுக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

எடை

என் டிஎஸ்எல்ஆரும் அதன் இரண்டு லென்ஸும் பையோடு இரண்டு கிலோவைத் தாண்டின. அஜந்தாவில் வண்டிகளைக் கூட்டுச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்து பஸ்ஸில் ஏறிக் குகைப் பக்கம் போக வேண்டும். இறங்கியதும் படிகள், பிறகு குதிரைலாட வடிவப் பள்ளத்தாக்கின் விளிம்போடு நீளும் நடை. இருபத்தாறாம் குகையில் படுத்த நிலையில் இருக்கும் புத்தரைப் பார்க்கப் போவதற்குள் என் தோள்பட்டையில் பட்டை பதிந்து சிவந்துவிட்டது. மறுநாள் எல்லோராவுக்குக் கிளம்பும்போது, கூட வந்த தமிழாசிரியை, "இதை ரூமிலேயே வைத்துவிட்டு வாருங்கள் டீச்சர், உங்களைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது" என்றார். வைத்துவிட்டுத்தான் போனேன். கைலாசநாதர் கோயிலைக் கேமரா இல்லாமல் பார்த்துவிட்டு வந்தேன். மலையை மேலிருந்து கீழாகக் குடைந்த அந்தக் கோயிலின் ஒரு படம்கூட என்னிடம் இல்லையே என்ற வருத்தம் இன்றைக்கும் இருக்கிறது.

ஊர் திரும்பியதும் சமையலறைத் தராசை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். பூட்டுச் சாவி, தண்ணீர் பாட்டில், குடை எல்லாம் போக, நாள் முழுவதும் தோளில் தொங்கினாலும் நினைவுக்கு வராத எடை எனக்கு 800 கிராம். பள்ளிக்கு எடுத்துப் போகும் கைப்பையில் அரிசிப் பொட்டலங்களைப் போட்டு ஒரு வாரம் நடந்து பார்த்துத்தான் இந்த எண்ணுக்கு வந்தேன். நீங்களும் உங்கள் எண்ணை இப்படிக் கண்டுபிடியுங்கள். கடையில் கேமராவை இரண்டு நிமிடம் கையில் பிடித்துப் பார்த்தால் மாலை நான்கு மணி எடை தெரியாது.

இந்த எடைக்குள் லென்ஸ் மாற்றும் கேமரா வேண்டுமென்றால் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகைதான். டிஎஸ்எல்ஆருக்குள் மேலும் கீழும் அசையும் கண்ணாடியை எடுத்துவிட்டதால் பாடியும் மெலிந்தது, பல லென்ஸ்களும் சிறுத்தன. பானசோனிக்கும் ஒலிம்பஸும் 2008-இல் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற, சென்சார் அளவும் லென்ஸ் பொருத்தும் வாயும் இருவருக்கும் பொதுவான ஏற்பாட்டை அறிவித்தன. அதே ஆண்டு பானசோனிக் ஜி1 வந்தது. 2010-இல் சோனி அதைவிடப் பெரிய ஏபிஎஸ்-சி அளவு சென்சாரோடு (ஒளியைப் படமாக்கும் சில்லுதான் சென்சார்) என்இஎக்ஸ் கேமராக்களைக் கொண்டுவந்தது. சிக்கனமாக வாங்க நினைப்பவருக்கு இன்றைக்கும் இந்த இரண்டு அளவுகள்தான் களம்.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் 17.3-க்கு 13 மில்லிமீட்டர். சோனி, நிக்கான், ஃபியூஜி ஆகியவற்றின் ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23.5-க்கு 15.6. கேனனுடையது சற்றுச் சிறியது. முழு ஃபிரேம் என்பது 36-க்கு 24. பரப்பைக் கணக்குப் போட்டால் ஏபிஎஸ்-சி, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம். இருட்டில் இந்த வித்தியாசம் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் 11 மடங்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கிட் லென்ஸ் பொருத்திய பெரிய சென்சாரைவிட, எஃப் 1.7 பொருத்திய சின்ன சென்சார் குகைக்குள் நல்ல படம் தரும். முழு ஃபிரேமைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதன் லென்ஸ்கள் நம் பணத்துக்கும் தோளுக்கும் அடங்காது.

தராசில் நான் கண்ட இன்னொரு உண்மை. சோனி ஏ6000, 2014-இல் வந்த பாடி, பேட்டரியும் கார்டும் சேர்த்து 344 கிராம். பிற்பாடு நான் வாங்கிய ஒலிம்பஸ் இ-எம்10 மார்க் 2, 2015-இல் வந்தது, 390 கிராம். பாடியில் சோனிதான் லேசு. கிட் லென்ஸ்: சோனியின் 16-50 மில்லிமீட்டர் 116 கிராம், ஒலிம்பஸின் மெல்லிய 14-42 வெறும் 93 கிராம். இங்கும் பெரிய வேறுபாடு இல்லை. தொலைவில் இருப்பதை அருகே காட்டும் ஜூமில்தான் கதை மாறுகிறது. சோனியின் 55-210 ஜூம் 345 கிராம், ஒலிம்பஸின் 40-150 ஜூம் 190 கிராம். தொலை லென்ஸ் எடுத்துப் போகப்போவதில்லை என்றால் ஏபிஎஸ்-சி உங்களுக்கு எடையாகவே இருக்காது. எடுத்துப் போகப்போகிறீர்கள் என்றால் சின்ன சென்சாரைத் தேர்ந்தெடுங்கள்.

நமக்குத் தேவையான லென்ஸ்கள்

பயணத்துக்கு அகல லென்ஸ்தான் முக்கியம் என்று பலரும் சொல்கிறார்கள். மலைக்காட்சி எடுப்பவர்களுக்கு அது பொருந்தலாம். கோயில் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரம் ஏறக்குறைய 216 அடி. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால் மேல்தளச் சிற்பங்கள் கடுகு போலத் தெரிகின்றன. அவற்றின் முகத்தைப் பார்க்க நம்மிடம் இருக்கும் ஒரே ஏணி தொலை லென்ஸ்தான். என் 40-150 லென்ஸை அங்கே முதல்முறை மேல்நோக்கிப் பிடித்த அன்று, இருபது ஆண்டுகளாகப் போய்வந்த கோயிலில் நான் பார்க்காமலே விட்ட முகங்கள் எத்தனை என்று தெரிந்தது. முழு விமானமும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் பின்னால் நகர்ந்து நிற்கலாம், தஞ்சையில் அதற்கு இடம் இருக்கிறது. முன்னால் நகர்ந்து மேலே போக முடியாது.

ஆகவே என் வரிசை இது. முதலில் ஒளி அதிகம் வாங்கும், ஜூம் இல்லாத ஒற்றை லென்ஸ். அடுத்து லேசான தொலை ஜூம். கிட் லென்ஸ் பாடியோடு வந்தால் வரட்டும், தனியாகத் தேடி வாங்க வேண்டாம். 18-200 போன்ற, எல்லாவற்றையும் ஒன்றே செய்யும் லென்ஸ் வேண்டவே வேண்டாம். அது கனமானது. இருட்டில் கிட் லென்ஸைவிட நன்றாக எடுக்காது. மாற்றத் தேவையில்லாத லென்ஸ்தான் வேண்டும் என்றால், லென்ஸ் மாற்றும் கேமராவை எதற்கு வாங்க வேண்டும்?

லென்ஸில் எழுதியிருக்கும் மில்லிமீட்டர் எண்ணை மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் இரண்டாலும், ஏபிஎஸ்-சியில் ஒன்றரையாலும் பெருக்கிக்கொள்ளுங்கள். கேனன் ஏபிஎஸ்-சியில் மட்டும் 1.6. முழு ஃபிரேம் கணக்கில் வரும் அந்த விடை ஏறத்தாழ 35-க்கும் 50-க்கும் இடையில் இருந்தால், அது மண்டபத்துக்குள் நின்று தூணையும் மனிதரையும் எடுக்கத் தோதான பார்வை. நான் வாங்கியது பானசோனிக்கின் 20 மில்லிமீட்டர் எஃப் 1.7. இது 40 போலப் பார்க்கும். எடை 100 கிராம், தடிமனோ ஒரு மைசூர்பாகு துண்டு அளவுதான். ஒலிம்பஸ் பாடியில் பானசோனிக் லென்ஸ் அப்படியே பொருந்தும், இந்த ஏற்பாட்டின் பெரிய வசதி அது. ஒரு குறை: இதன் ஃபோகஸ் மெதுவாகத்தான் நகரும். கற்சிலை எங்கும் ஓடிவிடாது என்பதால் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. ஓடியாடும் பேரக்குழந்தைகளை எடுக்க நினைப்பவர்கள் 25 மில்லிமீட்டர் லென்ஸ்களைப் பாருங்கள். பானசோனிக்கில் எஃப் 1.7-உம் ஒலிம்பஸில் எஃப் 1.8-உம் இருக்கின்றன. சோனிக்காரர்களுக்கு 154 கிராம் எடையுள்ள 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 இருக்கிறது, அதற்குள்ளேயே கை நடுக்கத்தைச் சரிசெய்யும் அமைப்பும் இருக்கிறது. ஃபியூஜியில் சிக்கனமானது பிளாஸ்டிக் கூடுடைய 35 மில்லிமீட்டர் எஃப் 2, எடை 130 கிராம்.

நடுக்கத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இ-எம்10 மார்க் 2, பானசோனிக் ஜிஎக்ஸ்85 போன்ற பாடிகளில் சென்சாரே அசைந்து கொடுத்து நம் கையாட்டத்தை ஐந்து திசைகளில் ஈடுகட்டும். எந்த லென்ஸை மாட்டினாலும் இது வேலை செய்யும். சோனி ஏ6000, ஃபியூஜி எக்ஸ்-டி20, எக்ஸ்-டி30, நிக்கான் இசட்30, கேனன் ஆர்50 ஆகியவற்றின் பாடியில் இந்த வசதி கிடையாது. 2022 டிசம்பரில் நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஜல்காவ் போய் இறங்கி, மறுபடியும் அந்த முதலாம் குகைக்குள் நின்றேன். எஃப் 1.7, ஷட்டர் 1/10 நொடி, ஐஎஸ்ஓ 800. முன்பு 6400 வைத்த இடத்தில் 800. புள்ளிப்புள்ளியாகச் சிதறாமல் அந்த இமைக்கோடு ஒரே இழுப்பாக விழுந்திருந்தது. மூக்கின் மேல் ஓவியன் தீற்றியிருந்த வெளிச்சக் கோடுகூடத் தனியாகத் தெரிந்தது. குகைக்கு வெளியே திண்ணையில் உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இந்த அமைப்பு நம் கையாட்டத்தைத்தான் நிறுத்தும், எதிரில் இருப்பவர் அசைவதை நிறுத்தாது. மாடவீதியில் சாமி புறப்பாடு, கூத்து, மாட்டுச்சந்தை என்று அசையும் உலகம்தான் உங்கள் விருப்பம் என்றால் ஏ6000 போன்ற வேகமான ஃபோகஸ் உள்ள கேமராவும் எஃப் 1.8 லென்ஸும் உங்களுக்குப் பொருத்தம். இ-எம்10 மார்க் 2 ஓடுகிறவர்களைத் துரத்திப் பிடிப்பதில் பின்தங்கிவிடும்.

எந்த மவுண்ட்

லென்ஸ் பாடியில் பூட்டும் வாய்தான் மவுண்ட். இதைத் தேர்ந்தெடுக்கும்போது அடுத்த பத்தாண்டு லென்ஸ்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், சோனி இ, ஃபியூஜி எக்ஸ் ஆகிய மூன்றிலும் சிறிய, விலை குறைந்த லென்ஸ்கள் புதிதாகவும் பழையதாகவும் நிறைய இருக்கின்றன. நிக்கான் இசட், கேனன் ஆர் வரிசைகளில் சின்னப் பாடிகளுக்கேற்ற சிறிய லென்ஸ்கள் ஒப்பீட்டளவில் குறைவு. வாரண்டியோடு புதிதாகத்தான் வேண்டும் என்பவர்கள் கேனன் ஆர்50-ஐயும் (375 கிராம்) நிக்கான் இசட்30-ஐயும் கையில் எடுத்துப் பார்க்கலாம். இசட்30-இல் வியூஃபைண்டர் கிடையாது. ஹம்பியின் பாறை வெயிலில், திரையில் என் முகம் மட்டுமே தெரிந்த அனுபவம் எனக்கு உண்டு. கண்ணை வைத்துப் பார்க்கும் துளை இல்லாத கேமராவை நம் நாட்டுப் பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணாடி அணிபவர்கள் வியூஃபைண்டர் அருகிலுள்ள சின்னச் சக்கரத்தைத் திருப்பித் தெளிவைச் சரிசெய்துகொள்ளலாம்.

உற்பத்தி நின்றுபோன மவுண்ட்களும் சந்தையில் இருக்கின்றன. நிக்கான் 1 வரிசை 2018-இல் நின்றது. கேனனின் ஈஓஎஸ் எம் வரிசை 2012-இல் தொடங்கி 2023-இல் முடிந்தது. இதில் நிக்கான் 1 வேண்டாம், அதன் சென்சார் மிகச் சிறியது. கேனன் எம் வரிசையை அப்படி ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். அதற்கு 22 மில்லிமீட்டர் எஃப் 2 என்று 105 கிராமில் அருமையான லென்ஸ் ஒன்று இருக்கிறது. பாடி, அந்த 22, கிட் லென்ஸ் மூன்றையும் ஒரே சமயத்தில் வாங்கி, இதோடு போதும் என்று இருக்கக்கூடியவருக்கு அது மலிவான நல்ல வழி.

பழையதை வாங்கும்போது

நான் வாங்கியது முழுவதும் பழையது. 2022-இல் பாடியும் 14-42 லென்ஸும் சேர்த்து 23,500 ரூபாய், 20 மில்லிமீட்டர் 11,000, 40-150 ஜூம் 7,000. விலைகள் மாறிக்கொண்டே இருக்கும், விகிதத்தை மட்டும் கவனியுங்கள். மூன்று லென்ஸும் பாடியும் சேர்ந்து 773 கிராம்.

இதற்கு முன்னால் ஒரு முறை ஏமாந்தேன். முந்தைய ஆண்டு ஒரு கடையிலிருந்து தபாலில் வரவழைத்த லென்ஸ், வெளியே பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தது. ஜன்னல் ஓரம் வைத்துச் சாய்த்துப் பார்த்தபோது உட்கண்ணாடியின் விளிம்பில் சிலந்திவலை போல வெள்ளை இழைகள். பூஞ்சை. கடைக்காரர்கள் ஃபங்கஸ் என்பார்கள். திருப்பி எடுத்துக்கொள்ள அவர்கள் மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து நேரில் பார்க்காமல், டார்ச் இல்லாமல் நான் லென்ஸ் வாங்குவதில்லை.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை ஒரு சின்ன டார்ச், உங்களுடைய மெமரி கார்டு, ஒரு நாளிதழ். லென்ஸின் பின்வாய் வழியாக டார்ச் அடித்து முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். தூசி இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை. இழை, மேகம் போன்ற மூட்டம் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், அது பக்கத்தில் வைக்கும் லென்ஸுக்கும் பரவக்கூடும். நாளிதழைச் சுவரில் ஒட்டி, நேராக நின்று, திறப்பை முழுதாக வைத்து ஒரு படம் எடுங்கள். நான்கு மூலை எழுத்துகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். மூலைகள் நடுவைவிடச் சற்று மங்குவது இயல்பு. மூன்று மூலை தெளிவாக இருந்து ஒன்று மட்டும் குழம்பினால் அந்த லென்ஸ் எப்போதோ கீழே விழுந்திருக்கலாம்.

பிறகு வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் எடுங்கள். சென்சாரில் ஒட்டிய அழுக்கு கரும்புள்ளியாகத் தெரியும். பெரும்பாலும் துடைத்துவிடலாம். துடைத்தும் போகாத கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டபடியே சில நொடி ஷட்டர் வைத்து ஒரு படம் எடுத்தால், கறுப்பில் பழுதான புள்ளிகள் மின்னும். பேட்டரியை வெளியே எடுத்துத் தட்டையான மேசையில் வைத்துச் சுழற்றுங்கள். பம்பரம் போலச் சுற்றினால் அது உப்பியிருக்கிறது. அடிப்பக்கத் திருகுகளில் தேய்மானம் இருக்கிறதா, ஃபிளாஷ் செருகும் இடம் வளைந்திருக்கிறதா என்பதைப் பார்க்க அரை நிமிடம்தான் ஆகும். இன்னொன்று: ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்கென்று வந்த சோனி பாடிகளில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும். படம் நன்றாகத்தான் எடுக்கும், ஆனால் எதை மாற்றுகிறோம் என்று தெரியாமல் தவிப்பீர்கள். மொழிப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.

பில் கேளுங்கள். கொடுக்கத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

மின்சாரமும் ஈரமும்

மிரர்லெஸ் கேமராக்கள் பேட்டரியைச் சீக்கிரம் தின்றுவிடும். ஒரு பேட்டரிக்கு 300 முதல் 360 படங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஒரு கூடுதல் பேட்டரியாவது வேண்டும். ஏ6000, ஜிஎக்ஸ்85 இரண்டையும் கேமராவிலேயே யுஎஸ்பி கம்பியால் சார்ஜ் செய்யலாம், பவர்பேங்க் போதும். என் ஒலிம்பஸில் அது முடியாது, தனி சார்ஜரைத் தூக்க வேண்டும். ஸ்லீப்பர் பெட்டியில் ஒரே பிளக்குக்கு எட்டுப் பேர் காத்திருக்கும்போது இதன் அருமை புரியும். வாங்கும் முன் இதைத் தெரிந்துகொண்டிருந்தால் ஜிஎக்ஸ்85-ஐ இன்னும் கவனமாகப் பரிசீலித்திருப்பேன். விமானத்தில் போகிறவர்கள் கூடுதல் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது.

ஊர் திரும்பிய பிறகுதான் கேமராவுக்கு உண்மையான ஆபத்து. காவிரிக்கரை ஈரத்தில், அது வந்த தோல் உறையிலேயே பீரோவுக்குள் வைத்துப் பூட்டினால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். விலை உயர்ந்த உலர்பெட்டி வேண்டியதில்லை. ஓரத்தில் ரப்பர் பட்டை உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, துணிப்பையில் கட்டிய சிலிக்கா ஜெல் கால் கிலோ, நூற்றுக்கணக்கில் விலையுள்ள சின்ன ஈரப்பத மானி ஒன்று. முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறியதும் பழைய வாணலி ஒன்றில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடியும் உழைக்கும். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள், நிறத்துக்காகச் சேர்க்கும் ரசாயனம் உடம்புக்கு ஆகாது. மாதத்தில் ஒரு நாளாவது கேமராவை வெளியே எடுத்துப் படம் எடுங்கள்.

சோதனைக்கு ஒரு மாலை

பழையதை விற்கும் நல்ல கடைக்காரர் ஏழு நாளாவது திருப்பித்தரும் தவணை கொடுப்பார். எனக்குக் கொடுத்தார். அந்த ஏழு நாளுக்குள், பயணத்துக்கு முன்பாகவே, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் இருட்டான இடத்துக்குக் கேமராவைக் கூட்டிப்போங்கள்.

நான் போனது தாராசுரம். மாலை ஐந்தரை மணிக்கு ஐராவதேசுவரர் கோயிலின் முன்மண்டபத்தில் வெளிச்சம் கல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தேர்ச்சக்கரத்துக்கு மேலே, தூணில் உள்ளங்கை அளவுப் பலகையில் செதுக்கிய ஓர் ஆடல்பெண். 20 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 1.7, தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டு 1/15 நொடி. எடுத்ததைத் திரையில் பெரிதாக்கினேன். காலடியில் உளி கொத்திய தழும்புகள் வரிசையாகத் தெரிந்தன. கூட வந்திருந்த பத்தாம் வகுப்பு மாணவி திரையை எட்டிப் பார்த்துவிட்டு, தூணருகே போய் அந்தத் தழும்புகளை விரலால் தொட்டு எண்ண ஆரம்பித்தாள். மறுநாள் காலை கடைக்காரருக்கு ஃபோன் செய்து, கேமராவை வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.